கட்டளைக்கு அடங்காத சாட்சி

1989-ஆம் ஆண்டில், சரியாக மூன்று மாத இடைவெளியில், ஒரே கருவைச் சுமந்துகொண்டு இரண்டு ஹாலிவுட் படங்கள் வெளிவந்தன. ஏப்ரல் 28-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் 'கே-9'. ஜூலை 28-இல் டிஸ்னியின் கிளையான டச்ஸ்டோன் தயாரித்த 'டர்னர் அண்ட் ஹூச்'. இரண்டிலும் ஒரு போலீஸ்காரர், ஒரு நாய். இரண்டிலும் முதலில் ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல் தவிக்கிறார்கள், பிறகு பிரிய முடியாமல் போகிறார்கள். இரண்டிலும் உச்சக்கட்டத்தில் குண்டடி படுவது நாய்தான். அமெரிக்காவில் மட்டும் முதல் படம் 4 கோடி டாலருக்கு மேலும், இரண்டாவது 7 கோடி டாலருக்கு மேலும் வசூலித்தன.

விடுமுறை நாளில் குழந்தைகளோடு பார்த்துவிட்டு மறந்துவிடும் படங்கள் என்று இவற்றைத் தள்ளிவைப்பது சுலபம். திரைப்பட வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் காவல்துறையைப் பற்றி ஒரு சமூகம் எதை நம்ப ஆசைப்படுகிறது, எதை மறக்க ஆசைப்படுகிறது என்பதை இந்தச் சிறிய வகைமை அளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் படங்கள் குறைவு. இவற்றில் நம்மைச் சிரிக்க வைப்பது நாயின் கீழ்ப்படியாமை. உட்கார் என்றால் நிற்கும், வா என்றால் போகும், தொடாதே என்றால் கடித்துக் குதறும். உண்மையான போலீஸ் நாய் பற்றிய ஆய்வுகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த அடங்காமைதான் நீதிக்கு மிகவும் தேவைப்படும் குணம் என்பது தெரியவருகிறது. இந்தப் படங்களில் சிறந்தவை அதை உணர்ந்திருக்கின்றன என்பது என் வாதம்.

இந்த இரு படங்களும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. 1982-இல் வால்டர் ஹில் இயக்கிய '48 அவர்ஸ்' படம் ஒரு முரட்டு வெள்ளைப் போலீஸ்காரரையும், 2 நாள் மட்டும் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட ஒரு கறுப்பினக் கைதியையும் ஒரே காரில் உட்கார வைத்தது. நிக் நோல்ட்டியும் எடி மர்ஃபியும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே வழக்கை முடித்தார்கள். 1987-இல் 'லீத்தல் வெப்பன்' அந்தப் பாணியைப் பெரும் வணிகமாக்கியது. அடுத்த ஆண்டு அதே வால்டர் ஹில் 'ரெட் ஹீட்' படத்தில் சோவியத் போலீஸ்காரராக அர்னால்டு ஷ்வார்ஸ்நெகரை சிகாகோவுக்கு வரவழைத்து, உள்ளூர்ப் போலீஸ்காரராக ஜேம்ஸ் பெலுஷியை அவரோடு சேர்த்துவிட்டார். 10 மாதம் கழித்து 'கே-9' வந்தபோது அதே பெலுஷியின் பக்கத்து இருக்கையில் ஒரு அல்சேஷன், அதாவது ஜெர்மன் ஷெப்பர்டு, உட்கார்ந்திருந்தது. 'டர்னர் அண்ட் ஹூச்' படத்தை இயக்கிய ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட் '48 அவர்ஸ்' திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவர். ஒட்டாத இருவரைச் சேர்த்துக் கட்டும் கலையைக் கற்றவர்களே நாயையும் கொண்டுவந்தார்கள்.

ஜோடியில் ஒன்று நாயாகிவிட்டால் திரைக்கதையில் ஒரு பெரிய மாற்றம் நேர்கிறது. ஜோடிப் படங்களின் உயிர் பேச்சில் இருக்கிறது. ஒருவர் குத்தலாகச் சொல்ல, மற்றவர் பதில் சொல்ல, அந்த உரசலில் இருவரின் கதையும் வெளிவரும். நாய் பதில் சொல்லாது. எனவே மனிதன் தனியே பேசிக்கொண்டே போகவேண்டும், கோபப்பட்டு, கெஞ்சி, விளக்கம் கொடுத்து, கடைசியில் யாரிடமும் சொல்லாததை அதனிடம் சொல்லி. டாம் ஹாங்க்ஸ் நடித்த ஸ்காட் டர்னர், காருக்குள் ஹூச்சை வைத்துக்கொண்டு இரவுக் கண்காணிப்பில் இருக்கும் காட்சியைக் கவனித்தால் இது விளங்கும். ஒரு மனிதன் சக ஊழியரிடம் ஒருபோதும் பேசத் துணியாத தொனியில் அங்கே பேசுகிறார். தமிழ் வீடுகளில் மாட்டிடமும் நாயிடமும் மனக்குறையைச் சொல்லி அழும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொனி புதிதாக இருக்காது.

ஆனால் சினிமாவில் நாய் எப்போதும் போலீஸ் பக்கம் இருந்ததில்லை. 1918-இல் சார்லி சாப்ளின் எடுத்த 'எ டாக்ஸ் லைஃப்' படத்தின் தொடக்கத்தில் நாடோடி ஒரு வேலியோரம் வெறுந்தரையில் படுத்திருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் சாசேஜ் விற்பவனின் வாசனை வருகிறது. பலகை இடுக்கில் கைவிட்டு ஒன்றைத் திருடும்போது போலீஸ்காரர் பார்த்துவிடுகிறார். அவர் இந்தப் பக்கம் வந்தால் இவன் வேலிக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் போனால் மறுபடி இந்தப் பக்கம். சற்று நேரத்தில் ஸ்க்ராப்ஸ் என்ற தெருநாய் அவனோடு சேர்ந்துகொள்கிறது. நாய்களை அனுமதிக்காத நடன விடுதிக்குள் அதைக் கால்சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறான். கால்சட்டையின் பின்புற ஓட்டை வழியே வெளியே நீண்ட வால், ஆடி ஆடி அங்கிருக்கும் டிரம்மைத் தட்டுகிறது. வேலையில்லாதவனும் தெருநாயும் ஒரு கட்சி, சீருடை எதிர்க்கட்சி. மௌனப்பட நகைச்சுவை எதைக் கண்டு சிரித்ததோ, அதன் மையத்தில் போலீஸ்காரரின் அதிகாரம் இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் போர்முனையில், குண்டுவீச்சில் சிதைந்த நாய்க்கொட்டடி ஒன்றில் லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் சில குட்டிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்றுதான் 1920-களில் வார்னர் நிறுவனத்தின் நட்சத்திரமான ரின் டின் டின். அதன் வழியாக ஜெர்மன் ஷெப்பர்டு இனம் வீரம், விசுவாசம், கட்டளை ஏற்றல் ஆகியவற்றின் முகமாகத் திரையில் நிலைபெற்றது. வெளியுலகிலும் நாய் சீருடைக்குள் புகுந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரக் காவல்துறை 1899-இலேயே முறையான நாய்ப் பிரிவைத் தொடங்கிவிட்டது. 1907-இல் நியூயார்க் அதைப் பின்பற்றியது.

பிறகு 1963 மே 3. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரத்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போன கறுப்பின மாணவர்கள்மீது, நகரத்தின் பொதுப்பாதுகாப்பு ஆணையர் புல் கானரின் உத்தரவில் போலீஸ் நாய்கள் ஏவப்பட்டன. அன்று அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் பில் ஹட்சன் எடுத்த படத்தில் ஒரு போலீஸ்காரர் ஒரு கையால் இளைஞனின் சட்டையையும் மறு கையால் நாயின் வாரையும் பிடித்திருக்கிறார். நாயின் வாய் இளைஞனின் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. உலகம் முழுவதும் செய்தித்தாள்களில் வந்த அந்தப் படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் போலீஸ் நாயை வெறும் விசுவாசத்தின் உருவமாக யாராலும் பார்க்க முடியவில்லை. 1982-இல் சாமுவேல் ஃபுல்லர் இந்தக் காயத்தையே கதையாக்கினார். கறுப்பின மக்களைத் தாக்குவதற்காகவே பழக்கப்பட்ட ஒரு வெள்ளை ஷெப்பர்டு, அதை மீட்க முயலும் ஒரு கறுப்பினப் பயிற்சியாளர். 'ஒயிட் டாக்' என்ற அந்தப் படத்தை பாரமவுண்ட் நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியிடாமல் முடக்கியது.

அந்த முடக்கத்துக்கும் 1989-க்கும் இடையிலான 7 ஆண்டுகளில் அமெரிக்கா போதைப்பொருளுக்கு எதிரான 'போர்' என்ற பேச்சில் மூழ்கியது. 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விமான நிலையத்தில் ஒருவரின் பெட்டியை மோப்ப நாய் முகர்வதைச் சட்டப்படி 'சோதனை' என்று கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. நாயின் மூக்குக்குச் சோதனை ஆணை தேவையில்லை என்பது இதன் நடைமுறைப் பொருள். 1980 முதலே மழைக்கோட்டு போட்ட மெக்ரஃப் என்ற கார்ட்டூன் நாய் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றி, குற்றத்தைத் தடுக்க உதவுங்கள் என்று குழந்தைகளிடம் பேசிக்கொண்டிருந்தது. ஒருபுறம் நாய்க்கு முன்னெப்போதும் இல்லாத சட்ட அதிகாரம், மறுபுறம் அதற்கு ஒரு செல்ல முகம். 1989-இன் இரண்டு படங்களும் இந்த இடத்தில்தான் வந்து விழுந்தன. யாரோ திட்டமிட்டு இவற்றை எடுக்கவைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்வையாளர்கள் அந்த நாயை மீண்டும் நேசிக்கத் தயாராக இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த நேசத்துக்குப் பின்னால் பர்மிங்ஹாம் மறைந்துபோனதைக் குறிக்காமல் இந்த வகைமையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2015-இல் ஃபெர்கூசன் நகரக் காவல்துறையைப் பற்றி அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, போலீஸ் நாய் கடித்த சம்பவங்களில் இனம் பதிவான ஒவ்வொன்றிலும் கடிபட்டவர் கறுப்பினத்தவர் என்று சொன்னது.

'கே-9' படத்துக்கு வருவோம். சான் டியேகோவின் துப்பறியும் போலீஸ்காரர் மைக்கேல் டூலி போதைப்பொருள் வியாபாரி லைமனைப் பிடிக்கத் துடிக்கிறார். கூட வேலைபார்க்க எவரும் முன்வராத சுபாவம். கடைசியில் காவல்துறை நாய்ப் பிரிவிலிருந்து ஜெர்ரி லீ என்ற அல்சேஷனை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். படத்தில் பெயர்பெற்ற நகைச்சுவைகள் முரட்டுத்தனமானவை: மதுக்கூடத்தில் ரௌடியின் இடுப்புக்குக் கீழே கவ்விப் பிடிப்பது, அழகான பூடில் நாயைக் கண்டதும் கடமையை மறப்பது, நாயைக் குளிப்பாட்ட காரோடு சேர்த்து இயந்திரக் கார்க் கழுவகத்துக்குள் விடுவது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு கிடங்குக் காட்சி. லைமனின் சரக்கு அங்கே இருக்கிறது என்று டூலி அடித்துச் சொல்கிறார். நாயை உள்ளே விடுகிறார். ஜெர்ரி லீ முகர்ந்து முகர்ந்து கடைசியில் கண்டுபிடிப்பது ஒரே ஒரு கஞ்சா சிகரெட். டூலி அவமானப்பட்டு வெளியேறுகிறார்.

அந்தக் காட்சியில் சிரிப்பு டூலியின் மேல் விழுகிறது. அவர் எதிர்பார்த்ததை நாய் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. அங்கே இருந்தது எதுவோ அதை மட்டும் சொன்னது. எஜமானின் ஆசைக்கும் நாயின் மூக்குக்கும் இடையே ஒரு விலகல் இருக்கிறது என்பதைப் படம் ஒரு நிமிடம் ஒப்புக்கொள்கிறது. துரதிர்ஷ்டவசமாக அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. அதன்பின் ஜெர்ரி லீ டூலியின் கோபத்தின் நீட்சியாக, பல் முளைத்த இன்னொரு கையாக மாறிவிடுகிறது.

'டர்னர் அண்ட் ஹூச்' அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதனால்தான் இதை மேலான படமாகக் கருதுகிறேன். ஹூச் போலீஸ் நாயே இல்லை. பயிற்சி, பதவி, தரச்சான்று எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பீச் என்ற கற்பனைக் கடலோர ஊரில், துறைமுகத்தை ஒட்டி வாழும் ஏமோஸ் ரீட் என்ற கிழவரின் நாய். கிழவர் கொலையாகிறார். பார்த்த ஒரே சாட்சி ஹூச். ஊரைவிட்டுப் பெரிய நகரத்து வேலைக்குப் போக மூட்டைகட்டிக் காத்திருக்கும் டர்னர், வேறு வழியில்லாமல் சாட்சியை வீட்டுக்கு அழைத்துவருகிறார்.

டர்னர் அபாரமான சுத்தக்காரர். ஹூச், டோக் டி போர்டோ என்ற பிரெஞ்சு மாஸ்டிஃப் இனம். அமெரிக்கன் கென்னல் கிளப் 2008-இல்தான் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது. 1989-இன் பார்வையாளர்களுக்கு இப்படியொரு முகம் புதிது. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கன்னம், தாடையிலிருந்து கயிறாக வழியும் எச்சில். தலையை ஒரு உதறு உதறினால் சுவர், சட்டை, கார்க் கண்ணாடி எல்லாம் நனைகிறது. டர்னர் வீட்டுக்குள் எது அதன் இடம், எது இல்லை என்று விதிகளை அடுக்குகிறார். கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு சூறையாடப்பட்டிருக்கிறது. கார் இருக்கையின் தலையணைப் பகுதியைத் தின்றுவிட்டிருக்கிறது. ரின் டின் டின்னின் நிமிர்ந்த காதுகளுக்கும் கட்டான உடலுக்கும் நேர் எதிராக, எந்தச் சீருடைக்குள்ளும் அடங்காத ஓர் உடல்.

அந்த உடல்தான் வழக்கைத் துலக்குகிறது. காவல்நிலையத்துக்கு எதிரே ஒரு திருமணக் கூட்டம் வெளியே வருகிறது. கூட்டத்தில் நிற்கும் ஒருவனைக் கண்டதும் ஹூச் வெறிகொண்டு பாய்கிறது. டர்னர் கட்டளையிடவில்லை, சந்தேகப்படவும் இல்லை. அந்த மனிதனை அவருக்குத் தெரியவே தெரியாது. நாயைத் தடுக்கத்தான் பார்க்கிறார். பிறகு திருமணப் புகைப்படங்களை வரவழைத்து, ஆள் யாரென்று கண்டுபிடிக்கிறார். போலீஸ் வேலையின் ஒழுங்கு இந்தக் காட்சியில் தலைகீழாகிறது. நாய் முதலில் அறிகிறது, மனிதன் பின்னால் ஓடி ஆதாரம் தேடுகிறான். கதையின் இறுதியில் குற்றக் கும்பலோடு கைகோத்தவர் காவல்துறைத் தலைவர் ஹைடுதான் என்பது வெளிப்படும்போது அந்தத் தலைகீழ் முழுமையடைகிறது. அந்தக் காவல்நிலையத்தில் யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்படாத ஒரே ஜீவன் ஹூச். விலைக்கு வாங்கமுடியாத ஒரே ஜீவனும் அதுவே.

இப்போது திரையிலிருந்து நீதிமன்றத்துக்கு வருவோம். நாயைச் சாட்சியாக ஏற்கலாமா என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டிருக்கிறது. அப்துல் ரஜாக் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில், ரயில் தடம்புரண்ட சம்பவம் தொடர்பாக, 1969-இல் நீதிமன்றம் சில தடைகளைச் சுட்டியது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுக்க முடியாது, எனவே அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதன் சார்பில் பேசுபவர் அதைக் கையாளும் காவலர். ஒருவரின் உயிரும் சுதந்திரமும் ஒரு விலங்கின் அனுமானத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்பது அபாயம். 2001-இல் காடே லட்சுமி மங்கராஜு வழக்கிலும் நீதிமன்றம் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடித்தது. மோப்ப நாய் விசாரணைக்கு வழிகாட்டலாம், தண்டனைக்கு அதைத் தனி ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பதே நம் நாட்டு நீதிமன்றங்களின் பொதுவான போக்கு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு திசையில் போனது. ஃப்ளோரிடாவில் ஆல்டோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு டிரக்கை முகர்ந்து சமிக்ஞை காட்டியது. உள்ளே போதைப்பொருள் தயாரிப்புக்கான மூலப்பொருட்கள் கிடைத்தன. ஆனால் ஆல்டோ கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட பொருள் எதுவும் அங்கே இல்லை. அதே டிரக்கை இன்னொரு முறை நிறுத்தியபோதும் ஆல்டோ சமிக்ஞை காட்டியது. அன்று எதுவும் கிடைக்கவில்லை. 2013-இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, நாயின் பயிற்சியும் சான்றிதழும் பொதுவாகப் போதும், களத்தில் அது எத்தனை முறை தவறியது என்ற பதிவேட்டைக் காட்டியே தீரவேண்டும் என்பதில்லை என்றனர். எனக்கு இந்தத் தீர்ப்பு ஆழ்ந்த கவலையைத் தருகிறது. காரணம், அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்த ஓர் ஆய்வு.

டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா லிட்டும் சக ஆய்வாளர்களும் போதைப்பொருளையோ வெடிபொருளையோ கண்டுபிடிக்கச் சான்றளிக்கப்பட்ட 18 நாய்-காவலர் ஜோடிகளை ஒரு தேவாலயத்துக்கு அழைத்துவந்தனர். 4 அறைகள். எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிபொருளோ வைக்கப்படவில்லை. ஆனால் காவலர்களிடம், இலக்கு வாசனை இருக்கக்கூடும் என்றும், சில அறைகளில் சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் அது இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. மொத்தம் 144 தேடல்கள். சரியான விடை ஒவ்வொன்றிலும் 'ஒன்றுமில்லை' என்பதுதான். அந்த விடை வந்தது 21 தேடல்களில் மட்டும். மற்றவற்றில் நாய் சமிக்ஞை காட்டியதாகக் காவலர்கள் தெரிவித்தனர், அதுவும் காகிதம் ஒட்டிய இடங்களில் அதிகமாக. சில இடங்களில் நாயை ஏமாற்ற சாசேஜும் டென்னிஸ் பந்தும் ஒளித்துவைத்திருந்தார்கள். அவற்றைவிட மனிதர்களுக்காக ஒட்டிய காகிதமே முடிவுகளை அதிகம் பாதித்தது. நாய் காவலரின் உடலசைவைப் படித்து அவருக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்ததா, காவலர் தாம் நினைத்ததை நாய் செய்ததாகக் கண்டாரா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் பலியாவது எதிரே நிற்கும் மனிதர்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கூட்டல் கழித்தல் செய்வதாகப் பெயரெடுத்த பெர்லின் குதிரை ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் தலையசைவைப் பார்த்தே குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இலேயே நிறுவினார். குதிரையைவிட நாய் மனிதனோடு எத்தனையோ ஆயிரம் ஆண்டு நெருங்கிப் பழகிய பிராணி. எஜமானின் மனத்தைப் படிப்பதில் அதற்கு இணையில்லை. போலீஸ் நாயின் ஆபத்து அதன் முரட்டுத்தனத்தில் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரிய ஆபத்து அதன் பாசத்தில் இருக்கிறது. அது எஜமானைத் திருப்திப்படுத்த விரும்புகிறது. ஹூச்சிடம் இந்த விருப்பம் இல்லை. திருமணக் கூட்டத்தில் அது பாய்ந்தபோது டர்னர் முகத்தை அது பார்க்கவே இல்லை.

ஆனால் படப்பிடிப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. திரையில் அடங்காமல் திரியும் நாய், படப்பிடிப்பில் ஒவ்வொரு அசைவையும் கட்டளைப்படி செய்கிறது. கேமராவுக்குப் பின்னால் பயிற்சியாளர் நிற்பார். கையசைவுக்கு உட்காரும், விரல் சொடுக்குக்குத் தலையைத் திருப்பும், இறைச்சித் துண்டுக்காகக் குறித்த இடத்தில் வந்து நிற்கும். நாய் நாயகனை உற்றுப் பார்ப்பதாக நாம் நினைக்கும் பல காட்சிகளில் அது பார்த்துக்கொண்டிருப்பது சட்டகத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் கையை. ஓடுவதற்கு ஒன்று, குரைப்பதற்கு ஒன்று, அமைதியாகப் படுத்திருக்க ஒன்று என்று ஒரே சாயலுள்ள பல நாய்களைப் பயன்படுத்துவதும் வழக்கம். ஹூச்சின் முகமாக அறியப்பட்ட நாயின் பெயர் பீஸ்லி. நடிகர்கள் தங்கள் வசனத்தைப் பேசிக்கொண்டே, நாயின் கவனம் சிதறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டாம் ஹாங்க்ஸ் தம் நடிப்பை நாயின் அசைவுக்கு ஏற்ப அந்தந்தக் கணத்தில் மாற்றிக்கொள்வது ஹூச்சைக் குளிப்பாட்டும் காட்சியில் தெளிவாகவே தெரிகிறது. இத்தனை உழைப்பும் சேர்ந்துதான் ஒரு சுதந்திரமான பிராணியைத் திரையில் உருவாக்குகிறது.

முடிவுகளில் இரண்டு படங்களும் பிரிகின்றன. ஜெர்ரி லீயை மனிதர்களுக்கான மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் டூலி. மருத்துவரை மிரட்டி அறுவை சிகிச்சை செய்யவைக்கிறார். இறந்துவிட்டதாக நினைத்து அழுது பேசுகிறார், நாய் கண் திறக்கிறது. ஹூச் உண்மையிலேயே இறக்கிறது. டர்னர் பக்கத்தில் இருக்க, கால்நடை மருத்துவமனை மேசையில். நகைச்சுவைப் படத்துக்கு வந்த குடும்பங்கள் இந்த முடிவை எளிதாக ஏற்கவில்லை. இன்றும் அதை மன்னிக்காத ரசிகர்கள் உண்டு. கடைசியில் ஹூச்சின் சாயலில் ஒரு குட்டியைக் காட்டி ஆறுதல் சொல்லப் பார்க்கிறது படம். ஆனாலும் அந்த மரணம் தேவையானது என்றே நினைக்கிறேன். ஹூச் பிழைத்திருந்தால் அடுத்த படத்தில் அதற்குப் பட்டை கட்டி, பயிற்சி கொடுத்து, பதவி கொடுத்திருப்பார்கள்.

பின்னால் வந்தவற்றைப் பார்த்தால் இந்த அச்சம் வீணானது இல்லை என்பது விளங்கும். 'கே-9' படத்துக்கு 1999-இலும் 2002-இலும் வந்த தொடர்ச்சிகள் திரையரங்கைப் பார்க்காமல் நேரே வீடியோவுக்குப் போயின. சக் நோரிஸ் ஒரு பிரையார்ட் நாயோடு நடித்த 'டாப் டாக்' 1995 ஏப்ரல் 28-இல் வெளிவந்தது. வெள்ளை இனவெறியர்களின் குண்டுவெடிப்புச் சதி அதன் கதை. 9 நாட்களுக்கு முன்புதான் ஓக்லஹோமா நகரத்தில் ஒரு வெடிகுண்டு 168 பேரைக் கொன்றிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க யாராலும் முடிந்திருக்காது. 2021-இல் டிஸ்னி பிளஸ்ஸில் டர்னரின் மகனை நாயகனாக்கி வந்த தொடர் 12 பகுதிகளோடு நின்றுவிட்டது. ஆஸ்திரியாவில் 1994-இல் தொடங்கிய 'கமிசார் ரெக்ஸ்' தொடர் மட்டும் வேறுபட்ட வெற்றி. வியன்னாவின் கொலைப் பிரிவில் வேலைபார்க்கும் நாய் ரெக்ஸ், சக அதிகாரிகளின் ஹாம் வைத்த ரொட்டியைத் திருடித் தின்றே உலகப் புகழ் பெற்றது. அந்தச் சின்னத் திருட்டை எழுத்தாளர்கள் கடைசிவரை கைவிடவில்லை என்பது அவர்களுடைய புத்திசாலித்தனம்.

2025 ஜனவரியில் வந்த 'டாக் மேன்' என்ற அனிமேஷன் படம் இந்த ஜோடியை விசித்திரமான எல்லைக்குக் கொண்டுபோனது. டேவ் பில்கியின் சித்திரக் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. குண்டுவெடிப்பில் படுகாயமுற்ற போலீஸ்காரரின் உடலில் நாயின் தலையைத் தைத்துவிடுகிறார்கள். பேச்சு வராது. மேலதிகாரியின் முகத்தை நக்கும். இங்கே கையாள்பவரும் நாயும் இரண்டு பேர் அல்லர். யார் யாருடைய விருப்பத்தைப் படிக்கிறார் என்ற பிரச்சினையே எழாமல், சீருடைக்குள் நாயின் சுபாவம் நேரடியாகக் குடியேறிவிடுகிறது.

தமிழில் இந்த வரிசைக்கு மிக அருகில் வருவது சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் 2014-இல் வந்த 'நாய்கள் ஜாக்கிரதை'. சிபிராஜ் போலீஸ்காரர், ராணுவப் பயிற்சி பெற்ற பெல்ஜியன் ஷெப்பர்டு அவருக்குத் துணை. நாயாக நடித்தது இடோ. கதையில் அதற்கு வைத்த பெயர் சுப்ரமணி, அந்தப் பெயரே பாதி நகைச்சுவையைச் செய்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைப்பதுபோல அதை அழைக்கும்போதெல்லாம் அரங்கம் கலகலத்தது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு படம் கடத்தல் கதையின் வேகத்துக்குப் போய்விட, சுப்ரமணி தவறே செய்யாத வீரனாகிவிடுகிறது. தேவர் பிலிம்ஸ் காலத்திலிருந்து நம் சினிமாவில் யானை, பாம்பு, ஆடு எல்லாம் கடவுளின் கருவிகளாக வந்து நாயகனைக் காப்பாற்றிப் பழகியவை. அந்த மரபு சுப்ரமணியையும் இழுத்துக்கொண்டது.

அதைவிட நல்ல தொடக்கப்புள்ளி நம் செய்தித்தாள்களிலேயே கிடக்கிறது. கொள்ளைச் செய்தி, கொலைச் செய்தி எதை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் மோப்ப நாய் வரவழைக்கப்பட்டிருக்கும். அது சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டிருக்கும். யாரையும் கவ்விப் பிடித்திருக்காது. பல தலைமுறைகளாக அந்த வரியைப் படித்துச் சிரித்திருக்கிறோம், நாய் தோற்றுவிட்டது என்று. லிசா லிட்டின் தேவாலயத்தில் 144-இல் 21 முறை மட்டும் கிடைத்த விடை அந்த வரியில் இருக்கிறது. சுற்றிலும் கூட்டம் காத்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் அவசரப்படுகிறார், ஊரே ஒருவன்மேல் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசனை அற்றுப்போன இடத்தில் நாய் நிற்கிறது, மேலே போக மறுக்கிறது. வார் பிடித்திருக்கும் காவலர் அதை மறுபடி இழுத்துப் பார்க்கிறார், அது தரையில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நல்ல தமிழ் நகைச்சுவைப் படத்தின் முதல் 10 நிமிடம் இதிலேயே தயாராக இருக்கிறது. அந்தக் காவலரும் அந்த நாயும் மீதிப் படம் முழுவதும் ஊரின் விரலுக்கு எதிர்த்திசையில் நடக்கவேண்டியிருக்கும்.